அந்த ஐந்து ரூபாய் யார் தலையில்?

கண்ணு,

உனக்கும் உன் கூட்டாளிக்கும் ஸலாம். கோபத்தில் எழுத உட்கார்ந்தாலும் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும், அதனால் சொல்லிவிட்டேன். இனி கோபத்துக்கு வருகிறேன். நாலு நாளைக்கு முன்னால் பெங்களூரிலிருந்து போன் போட்டாய். எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்துப் பையன் வந்து கூப்பிட, கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, தூறலில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது, அத்தாவின் இருமல் நின்றதா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. "அம்மா, கொட்டச்சேடு சரோஜா அக்காகிட்டச் சொல்லி நாப்பது பாட்டில் தேன் வாங்கி அனுப்புங்க. வெள்ளக்கடைத் தைலக்காரர்கிட்டயும் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல கடை தொறந்தாச்சு, கமிஷன் பன்னெண்டு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாய். கம்ப்யூட்டரில் தேன் பாட்டிலின் படத்தைப் போடுவீர்களாம், அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற நம் ஊர்க்காரன் அதைப் பார்த்துத் தன் கிரெடிட் கார்டு நம்பரைத் தட்டுவானாம், நீங்கள் இங்கிருந்து தபாலில் அனுப்புவீர்களாம். நல்லது, செய்யுங்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கார்டுன்னா பேங்க்குக்காரங்க புடிப்பாங்களே கண்ணு, அத யாரு குடுக்கறது?" அதற்கு நீ சொன்ன பதில் இருக்கிறதே, அதுதான் நாலு நாளாக என்னைப் போட்டு வாட்டுகிறது. "அத இப்ப அவங்ககிட்டச் சொல்ல வேண்டாம்மா. வித்ததுக்கு அப்புறம் கழிச்சுக்கலாம். மீட்டர் ஓடுதும்மா, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாய். நான் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பூத்துப் பையன் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான். யாருக்கும் ஒன்றும் இல்லையப்பா, என் மகனுக்கு ஞாபக சக்திதான் போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். போனில் பேசினால் நீ மறுபடியும் மீட்டரைக் காட்டித் தப்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்துக்கு மீட்டர் கிடையாது. உட்கார்ந்து முழுக்கப் படி. உன் கூட்டாளிக்கும் படித்துக் காட்டு. அவன் பணம் போட்டவன், அவனுக்கும் தெரியட்டும்.

நம் கடையில் பாதிச் சரக்கு நம்முடையது இல்லை என்பது உனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். காப்பிக்கொட்டையை எஸ்டேட்டில் வாங்கி, வறுத்து, உன் அத்தா அரைக்கிற தூள் மட்டும்தான் நம் சொந்தம். தேன், மிளகு, தைலம், ஆரஞ்சு ஊறுகாய் எல்லாம் அவரவர் கொண்டுவந்து வைப்பது. அலமாரியில் ஆளுக்கு ஒரு வரிசை. விலையும் அவரவர் சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். எத்தனை பாட்டில் குறைந்திருக்கிறதோ அத்தனைக்கும் காசு, அதில் நூற்றுக்குப் பத்து நமக்கு. எழுதுவது கிடையாது, கையெழுத்து கிடையாது. அலமாரியில் தெரிகிற இடைவெளிதான் கணக்கு. வந்தவர்களும் பார்க்கலாம், நாமும் பார்க்கலாம். நான் பத்தாவது தாண்டாதவள், எனக்கு இது போதுமானதாக இருந்தது. நீ சேலத்தில் காலேஜுக்குப் போய் வணிகவியல் படித்தவன், உனக்கு இது போதவில்லை. நம்ம கடை இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்குதும்மா என்று லீவுக்கு வரும்போதெல்லாம் சலித்துக்கொள்வாய். உன் அத்தா பின்னாலிருந்து தலையாட்டுவார். நீ எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன் அவர். நீ கடையைத் தூக்கி ஏரியில் போட்டுவிடலாம் என்று சொன்னாலும், எந்தப் பக்கமாகப் போடலாம் கண்ணு என்றுதான் கேட்பார்.

அப்படித்தான் அந்த மிஷின் வந்தது. சேலத்துப் பேங்க்கிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி பஸ்ஸில் மலையேறி வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டி, கடைக்குள் வரும்போது முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் கார்டுதான் இருக்கிறது, கார்டு வாங்காத கடைக்குள் வரமாட்டார்கள், மிஷின் நாங்கள் கொடுக்கிறோம், விற்பனையில் நூற்றுக்கு ஐந்து எங்களுக்கு என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். "நம்ம கமிஷன்ல அஞ்சு பர்சன்ட்தானேம்மா. பத்து ரூபாயில அம்பது பைசா. இதுக்குப் போய் யோசிக்கறீங்களே" என்றாய். அந்தத் தம்பி அதை மறுக்கவில்லை. அவருக்கு நாம் கமிஷன் கடை என்பதே தெரியாது, கடையில் இருக்கிற தேனெல்லாம் நம் தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது பைசாதானே என்று நானும் தலையாட்டினேன். அன்றைக்கு அந்தக் கடைக்குள் அவர் ஒரு கணக்கையும் நாம் ஒரு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிஷின் என்றால் என்ன, ஒரு இரும்புப் பலகை. கார்டை வைத்து, மேலே கார்பன் தாளை வைத்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். கரக் கரக் என்று சத்தம் வரும். நீ அதை யாரையும் தொட விடவில்லை. கடைக் கண்ணாடியில் நீயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழகு பார்த்தாய். கூடவே திருட்டுப் போனது, தொலைந்தது என்று பேங்க் நிறுத்தி வைத்த கார்டுகளின் நம்பர்களைப் பொடி எழுத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்றும் வந்தது. யாராவது கார்டை நீட்டினால் உன் அத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் புத்தகத்தில் விரல் வைத்து ஒவ்வொரு நம்பராகப் படிப்பார். கார்டு நீட்டியவர் தன்னைத் திருடன் என்று நினைக்கிறார்களோ என்று முறைப்பார். பெரிய தொகையாக இருந்தால் சேலத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். மழை பெய்தால் போன் செத்துவிடும். இங்கே எப்போது மழை பெய்யாமல் இருந்தது?

மிஷின் வந்த வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் பெங்களூர்க் குடும்பம் ஒன்று வேனில் வந்து இறங்கி, சரோஜா வரிசையில் முக்கால்வாசியைக் கார்டில் வாங்கிக்கொண்டு போனது உனக்கு மறந்திருக்காது. சரோஜாவைப் பற்றி உன் கூட்டாளிக்குச் சொல். கொட்டச்சேட்டில் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறவள், வேலை முடிந்து வந்து தேன்பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிறவள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வரிசையில் அவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், கையை நீட்டினாள். பணம் எங்கே இருக்கிறது? சேலத்தில், பேங்க்கில், ஏதோ ஒரு மேஜையில். நான் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் பேங்க்கிலிருந்து வந்த பணத்தைப் பார்த்தால் நூறு ரூபாய்க்குத் தொண்ணூற்றைந்து. நீ ஏமாத்தறாங்கம்மா என்று குதித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கீழே போனாய். சாயங்காலம் திரும்பி வந்தவன் குளிருக்குச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாய். "அவங்க முழு நூறுக்கும் புடிக்கிறாங்கம்மா. நம்ம பத்து ரூபா அவங்களுக்குக் கணக்கே இல்லையாம்" என்றாய்.

இதுதான் விஷயம், இதை உன் கூட்டாளிக்கு இன்னொரு தடவை படித்துக் காட்டு. தன் சரக்கை விற்கிற கடைக்காரனுக்கு நூறில் ஐந்து போனால் ஐந்துதான். கமிஷன் கடைக்கு நூறு ரூபாயில் பத்துதான் நம் பணம், மீதித் தொண்ணூறு நம் கை வழியாகப் போகிற அடுத்தவர் பணம். பேங்க் அந்தத் தொண்ணூறுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் பிடிக்கும், பிடித்ததை நம் பத்திலிருந்துதான் எடுக்கும். பத்தில் ஐந்து போனால் பாதி போச்சு. சரக்கு கெட்டது என்று ஒருவர் பாட்டிலைத் திருப்பித் தந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனபோது, பிடித்த ஐந்தையும் திருப்பித் தருவார்களா என்று பேங்க்கில் கேட்டுப் பார்த்தோமே, சிரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, அந்த ஐந்து ரூபாயை யார் தலையில் கட்டுவது? முதலில் வாங்குகிறவர் தலையில் கட்டப் பார்த்தாய். கார்டு கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டாய். மெட்ராஸ்காரர் ஒருவர் கடை நடுவில் நின்று, இது கொள்ளை, நான் புகார் செய்வேன் என்று கத்தினார். மறுநாளே டை கட்டிய தம்பி போனில் கூப்பிட்டு, அப்படியெல்லாம் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தில் படிக்கவில்லையா என்றார். நீதான் படித்துக் கையெழுத்துப் போட்டாய். அட்டையைக் கழற்றினாய். அதன் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை வந்து நின்ற சரோஜாவிடம், கார்டில் விற்றதற்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் குறைத்துத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாய். நான் உள்ளே காப்பித்தூள் சலித்துக்கொண்டிருந்தேன். உன் குரலும் கேட்டது, அவள் குரலும் கேட்டது.

"ஏனுங்க தம்பி, அந்தப் பேங்க்குக்காரரு எங்க ஊட்டுத் தேன எப்பங்க பாத்தாரு?"

"பாக்கறதுக்கு இல்லீங்க அக்கா. கார்டு தேச்சா அவங்களுக்குப் பங்கு குடுக்கணும்."

"கார்டு தேச்சது நானுங்களா?"

அடுத்து நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீதி இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே ஓடி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாள். காலியான அந்த வரிசையில் வேறு யாருடைய சரக்கையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மறுவாரம் வெள்ளக்கடைத் தைலக்காரர் ஆறுமுகம் வந்தார். "தேனு நொம்ப நல்லா ஓடுதுங்களா பாயம்மா, ஒண்ணுகூட மிச்சமில்லையே" என்று சந்தோஷமாகக் கேட்டார். பாவம், அவருக்கு அலமாரியில் இடைவெளி என்றால் விற்றது என்றுதான் அர்த்தம். எங்கள் கடையில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆமாங்க என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவு அவமானம் எனக்கு.

கொட்டச்சேட்டுக்கு நானே போய்ச் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம்தான் கமிஷன் சரக்குக்குக் கார்டு கிடையாது, நம் சொந்தக் காப்பித்தூளுக்கு மட்டும் கார்டு என்று வைத்தேன். தூளில் நமக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஐந்து போனாலும் தாங்கும். வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு! காப்பிக்குக் கார்டு, தேனுக்குக் காசா, ஒரே கடையில் இரண்டு சட்டமா என்று கேட்பார்கள். ஆமாங்க, இரண்டு பேர் சரக்குங்க என்பேன். நீ இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரெல்லாம் முன்னாடி போவுது, எங்கம்மா பின்னாடி போறாங்க என்று உன் சிநேகிதர்களிடம் சொன்னாயாம். சொல்லிக்கொள். அந்த ஆண்டு கடை மூடாமல் நின்றதே, அது எந்தப் பக்கம் போனதால் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

இப்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய். அன்றைக்காவது பாதி வியாபாரம் காசில் நடந்தது, காப்பித்தூள் என்று ஒரு சொந்தச் சரக்கு இருந்தது. உன் கம்ப்யூட்டர் கடையில் காசு கொடுப்பவரே கிடையாது, எல்லாம் கார்டு. சொந்தச் சரக்கும் கிடையாது, எல்லாம் கமிஷன். கார்டை நேரில் பார்க்காமல் நம்பரை மட்டும் வாங்குவதால் உங்களிடம் ஏழோ எட்டோ கேட்கிறார்களாமே, போதாததற்கு டெபாசிட் வேறு கட்டச் சொல்கிறார்களாமே, கொஞ்சப் பணத்தை மாதக்கணக்கில் பிடித்து வைப்பார்களாமே. எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? நீ உன் அத்தாவிடம் ரகசியமாக டெபாசிட்டுக்குப் பணம் கேட்டாய். அந்த மனுஷன் ரகசியம் காக்கிற அழகு தெரியாதா? இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். மூன்றாவது நாள், "நம்ம அரைக்கிற மிஷின வித்தா என்ன வெல போவும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அதற்குமேல் நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அரைக்கிற மிஷினை விற்க நான் சம்மதிக்க மாட்டேன். என் வளையல் ஒன்று இருக்கிறது, அதைத் தருகிறேன். அது வேறு விஷயம்.

பன்னிரண்டில் எட்டுப் போனால் நான்கு. அந்த நான்கில் பெட்டி, பஞ்சு, தபால், உடைகிற பாட்டில், உங்கள் இரண்டு பேர் சாப்பாடு. கழிச்சுக்கலாம் என்று சொன்னாயே, எதிலிருந்து கழிப்பாய்? உன் நான்கில் கழிக்க ஒன்றுமில்லை. சரோஜாவின் எண்பத்தெட்டில்தான் கை வைப்பாய். அவளிடம் முதலிலேயே சொல்லாமல், நாற்பது பாட்டிலும் கடல் தாண்டிப் போன பிறகு சொல்வாய். அன்றைக்குக் கடையில் அவளால் மீதிப் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவுக்குப் போன பாட்டிலை எப்படிப் போய் எடுப்பாள்? நீ கெட்டவன் இல்லை கண்ணு, அது எனக்குத் தெரியும். சங்கடமான பேச்சைத் தள்ளிப்போடுகிறவன். சின்ன வயதில் பரீட்சை மார்க்கை இப்படித்தான் ஒளித்து வைப்பாய். அப்போது அடி உன்னோடு போயிற்று. இப்போது அடுத்தவருக்கல்லவா விழும்.

சரக்கு வாங்கித் தர மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்தேன். நான் வாங்கித் தராவிட்டால் நீ நேராக அவளுக்கே ஆள் அனுப்புவாய். பாயம்மா மகன் என்று அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனால் முந்தாநாள் மத்தியானம் நானே பஸ் ஏறிக் கொட்டச்சேட்டுக்குப் போனேன். சரோஜா எஸ்டேட்டிலிருந்து திரும்பிச் சேற்றுக்காலோடு நின்றிருந்தாள். டீ போடப் போனவள், ரமலான் மாசம் என்று ஞாபகம் வந்து, "நோன்புங்களா பாயம்மா? ஒரு வாய் தண்ணிகூடக் கூடாதுங்களே" என்று தானே சங்கடப்பட்டுக்கொண்டாள். நான் எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டர், கார்டு, பேங்க் பிடிக்கிற எட்டு, உடையக்கூடிய பாட்டில், பணம் தாமதமாக வரும் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு என் மகனுக்குக் கட்டுப்படியாகாது, பதினெட்டாகக் கொடு என்று கேட்டேன். அவள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"பதினஞ்சு எடுத்துக்கட்டுங்க பாயம்மா. அதுக்கு மேல பேங்க்குன்னோ, தபாலுன்னோ, ஒடஞ்சுதுன்னோ எங்கிட்ட வரக் கூடாதுங்க. சரக்குப் போன மறு மாசம் என்ற பணம் எனக்கு வந்துடோணும்."

"வந்துடும்."

"தம்பி ஒத்துக்கிச்சுங்களா?"

பூத்துப் பையனை விட்டு உனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒத்துக்கிட்டான் என்று சொன்னேன். அவள் உடனே உள்ளே போய்ப் பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தாள். வரும் வழியில் வெள்ளக்கடையில் இறங்கி ஆறுமுகத்திடமும் அதையேதான் சொன்னேன். நாற்பது பாட்டில் தேனும் தைலமும் பெட்டி கட்டி லாரி ஆபீஸில் போட்டாயிற்று, இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உனக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த எட்டு உன் தலையில்தான், பதினைந்துக்குள் எப்படிச் சமாளிப்பாயோ, சமாளித்துக்கொள்.

நோன்பு வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன், கண்ணு. அது பொய்யா நிஜமா என்பது இனி உன் கையில்தான் இருக்கிறது.

உன் அம்மா